இடது கையில் கத்தி பிடித்த முனியப்பன்

அந்தப் பொம்மைக்காக நான் காத்திருந்தது எட்டு வருஷம். அது என் வசம் இருந்தது பதினொரு நாள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டி முழக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் வேலை பார்த்தேன். பேர் தங்கசாமி. எனக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. வேங்கையன் ஒருத்தன்தான்.

வேங்கையன் யார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வாரப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த சித்திரத் தொடரின் நாயகன். கறுப்புக் குதிரை, முறுக்கு மீசை, நீலச் சட்டை. கூடவே ஈட்டி எறிய செவ்வந்தி என்று ஒரு பெண். முதல் கதையிலேயே வேங்கையனுக்கு வலது கையில் வெட்டு விழுந்து விரல் மடங்காமல் போயிற்று. அன்றிலிருந்து கத்தி இடது கையில். இருபது வருஷத்தில் ஒரு படத்தில்கூட ஓவியர் கை மாற்றிப் போட்டதில்லை. அந்த இடது கையை எடுத்துவிட்டால் அவன் வெறும் மீசை.

1975 தீபாவளி மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். 'ஓவியரின் அனுமதி பெற்ற வேங்கையன் ரப்பர் பொம்மை! விரைவில்!' வெட்டி எடுத்து டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்.

எழுபத்தாறில் அச்சு உடைந்துவிட்டது என்றார்கள். எழுபத்தெட்டில் ரப்பர் தட்டுப்பாடு. எண்பதில் ஓவியருக்கும் கம்பெனிக்கும் மனஸ்தாபம், அனுமதி வாபஸ். எண்பத்தொன்றில் சமாதானம். எண்பத்திரண்டில் மறுபடி 'விரைவில்'. இதற்குள் என் மகள் பள்ளிக்கூடம் முடித்தாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பிள்ளையும் பெற்றாள். அவள் விரைவாகத்தான் இருந்தாள். கம்பெனிதான் இல்லை.

என்னோடு காத்திருந்தவன் நாச்சிமுத்து. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரேடிங் கடை வைத்திருந்தான். அவனும் வேங்கையன் பித்து. சாயங்காலம் அவன் கடை வாசலில் உட்கார்ந்து இன்னும் பிறக்காத பொம்மையைப் பற்றிப் பேசுவோம். குதிரை வால் தனியாக ஆடுமா? கத்தி கழற்றி மாட்டும்படி இருக்குமா? பெண் பார்த்துவிட்டு வந்தவன்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

வீட்டில் வசந்தாமணி. எழுபத்தொன்பது பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என் மூன்று டிரங்குப் பெட்டியையும் இழுத்துப் போட்டுவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னாள்: "இனி வேங்கையன் பேரச் சொல்லி ஒரு சாமான் இந்த ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவனுங்க."

அவள் போவதில் எனக்குப் பயமில்லை. அவள் அண்ணன் ராசிபுரத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவான். விட்டால் ஒரு வாரம் தங்குவான். அதுதான் பயம்.

ஆகவே எண்பத்துமூன்றில் ஒருவழியாக விளம்பரம் வந்ததும், என் பேருக்கு, நாச்சிமுத்து கடை விலாசத்துக்கு எழுதிப்போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நான் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

"கட பூட்டியிருந்துச்சுங்க. பேரு உங்களுது. அதான் ஊட்டுக்கே கொண்டாந்துட்டேன்."

உதவி செய்கிறவர்களால் கெட்ட குடும்பம் எத்தனையோ.

நல்லவேளை, வசந்தாமணி மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்துவுக்கு ஆள் அனுப்பினேன். சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் குந்தினோம். சணலை நேராக அறுக்க எனக்கு வரவில்லை. பதினெட்டு அடி லாரியில் ஒரே இழுப்பில் கோடு போடுகிற கை.

குதிரைமேல் வேங்கையன். ஒரு சாண் உயரம். அடியில் 'அனுமதி பெற்றது' என்று முத்திரை.

நாச்சிமுத்து மோந்து பார்த்தான். நகத்தால் அழுத்தினான். "பழைய ரப்பர உருக்கி ஊத்தியிருக்கான், மாப்ள. ரெண்டு வெயில் தாங்காது. வயித்துல பாரு, அச்சு சேர்ற எடம் பொடப்பா நிக்குது."

நான் பெயிண்டைப் பார்த்தேன். சட்டை நீலம் இடுப்பு வாரைத் தாண்டிக் குதிரைமேல் வழிந்திருந்தது. மீசை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. ஒரு கண் சேலம் ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று திருச்சி ரோட்டைப் பார்த்தது.

"மாப்ள," என்றான் மெதுவாக. "கை."

"பாத்தேன்."

"கத்தி வலது கையில இருக்குது."

"பாத்தேன்னு சொல்றனில்ல."

"எட்டு வருசம், மாப்ள."

"வாயை மூடு."

மூடினான். அப்படியும் அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. உள்ளங்கையில் வைத்து ஏந்திக்கொண்டேன். தப்பும் தவறுமாக வந்தாலும் வந்துவிட்டான். வராமலே போய்விடுவான் என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

"என்னங்க அது?"

வாசற்படியில் வசந்தாமணி. கையில் மளிகைப் பை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா ரெண்டு பேரும் குத்தவெச்சுக் கும்புட்டுக்கிட்டு இருக்கறீங்க?"

கும்பிடுவது என்றாளா, எனக்குப் புத்தி வேலை செய்தது. குதிரை. மீசை. கத்தி. எங்கள் பக்கம் இந்த மூன்றும் சேர்ந்தால் யார்?

"உருவாரம்," என்றேன். "முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டது."

"நீங்களா? கோயில் எந்தத் தெசையில இருக்குதுன்னு தெரியுமாங்க? என்ன வேண்டுதல்?"

அவள் வழக்கம்போலக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவளுக்கு முட்டி வலி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உன் முட்டி வலி போகோணும்னு."

நாச்சிமுத்துவுக்குப் புரையேறியது.

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "எனக்காகங்களா?" என்றாள். அந்த முகத்தை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. அவள் திட்டினால் சமாளிப்பேன். இதைச் சமாளித்துப் பழக்கமில்லை.

உருவாரம் என்பது வேறொன்றுமில்லை. வேண்டுதல் பலித்தால் அதற்கேற்ற உருவத்தைச் செய்து சாமி காலடியில் வைப்பது. கால் குணமானால் மண்ணில் ஒரு கால். மாடு பிழைத்தால் மாடு. பெரிதாக வேண்டிக்கொண்டவர்கள் குதிரைவீரன் வைப்பார்கள். வைத்தது வைத்ததுதான். திரும்ப எடுக்கக் கூடாது.

ஆனால் பலித்தால்தானே வைக்க வேண்டும்? இரண்டு வருஷத் தைலத்துக்குப் போகாத முட்டி வலி என் பொய்க்கா போகப்போகிறது? அதுவரை பொம்மை என் வீட்டு அலமாரியில், என் மனைவியின் சம்மதத்தோடு, பூ வைத்துக்கொண்டு நிற்கும். நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வசந்தாமணி நிலையைப் பிடிக்காமல் நின்றாள். ஐந்தாம் நாள் குந்தி உட்கார்ந்து வாசலில் கோலம் போட்டாள். ஏழாம் நாள் நாமக்கல் கோட்டைப் படி ஏறி இறங்கி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்:

"சாமி கண்ணத் தொறந்துட்டாருங்க. வர்ற திங்கக்கிழமை வெச்சுரலாம்."

"அவசரமென்ன அம்மிணி? நல்லா ஆறட்டும்."

"சாமி கடன தள்ளிப்போட்டா வலி திரும்பி வந்துருமுங்க. உங்களுக்கு வந்தாலும் வரும்."

எனக்கு அப்போதே முட்டி வலித்தது.

நான்கு நாள் இருந்தது. ஓடினேன். மண் உருவாரம் செய்கிற ரங்கனிடம் சுட்டு முடித்த குதிரைவீரன் ஒன்று, அதே ஒரு சாண் அளவில் கிடந்தது. இரண்டு கையும் வெறுங்கை. பட்டறைக்குக் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பெயிண்ட் அடித்தேன். இதைக் கோயிலில் வைத்துவிட்டு ரப்பரை நான் வைத்துக்கொள்வது. அதுதான் திட்டம்.

தகரத்தில் கத்தி வெட்டினேன். எந்தக் கையில் ஒட்டுவது?

பொம்மையில் இருப்பது வலது கை. அதில் ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒட்டத்தான் போனேன். முடியவில்லை. எட்டு வருஷமாக நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவன் இடது கையை நீட்டினான். அதில் ஒட்டினேன். பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. மீசை இரண்டு பக்கமும் ஒரே முறுக்கு. கண்கள் இரண்டும் நேர்ப்பார்வை. வலது கையில் வெட்டுத் தழும்புகூட வரைந்தேன்.

நாச்சிமுத்து வந்து பார்த்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டான், பிறகு இடுப்பில் கட்டினான்.

"மாப்ள, கம்பெனிக்காரன் செஞ்சது நகலு. இதுதான் அசலு. இதையா கோயில்ல வெக்கப்போற? பேசாம ரப்பரையே வெச்சுட்டு இத நீ எடுத்துக்க."

"ரப்பருக்கு அனுமதி முத்திரை இருக்குது."

"அதுவுஞ் சரிதான்," என்றான். இரண்டு பேருக்கும் அன்றைக்குப் புத்தி அவ்வளவுதான். திங்கள்கிழமை விடியுமுன் ரப்பரை அலமாரியிலிருந்து எடுத்துப் போய் அவன் வீட்டு நெல் குதிருக்குள் புதைத்தோம்.

விடிந்ததும் மண் உருவாரத்தைத் துண்டால் மூடி நானே சுமந்தேன். வசந்தாமணி பொங்கல் பானையோடு பின்னால் வந்தாள். பூசாரி ஆண்டி துண்டை விலக்கினார். பார்த்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"என்ன சாமி இது? பீச்சாங்கையில கத்தி புடிச்ச முனியப்பன நான் கண்டதேயில்லையே!"

வீட்டில் பத்து நாள் இருந்த பொம்மைக்குக் கத்தி எந்தக் கையில் என்று வசந்தாமணிக்குத் தெரியாதா? அவள் பொம்மையைப் பார்த்தாள். என் நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தாள்.

"சாமிக்கு அன்னிக்கு வலது கை சுளுக்கியிருக்குமுங்க, பூசாரி," என்றாள். "வாங்கி வெய்ங்க."

வைத்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். எனக்கு அவளைத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான அவஸ்தை. நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் ரப்பர் பொம்மையை எடுத்துப் பார்த்தேன். சேலமும் திருச்சியுமாகப் பார்த்தது. திரும்பக் குதிருக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தேன். மனசு கோயிலில் கிடந்தது. என் வேங்கையன், என் கையால் கண் திறந்தவன், உடைந்த மண் குதிரைகளுக்கு நடுவே வெட்டவெளியில் நிற்கிறான். மழை பெய்தால் எனக்குச் சோறு இறங்காது. கொஞ்ச தூரம்தான், எடுத்துவிடலாம். எடுக்க முடியாது.

எடுக்கத்தான் கூடாது. பார்க்கலாமே. அடுத்த திங்கள்கிழமை, "நானும் கோயிலுக்கு வாரேன்," என்றேன். வசந்தாமணி ஏன் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த திங்களும் போனேன். அவள் முனியப்பனைக் கும்பிடுவாள். நான் முனியப்பன் காலடியைக் கும்பிடுவேன். தலைமேல் காக்கை உட்கார்ந்தால் விரட்டுவேன். திரும்பி வரும்போது வறுத்த நிலக்கடலை வாங்கிப் பாதி பாதி தின்றுகொண்டு நடப்போம். அவள் பேசுவாள். முப்பது வருஷம் காதில் விழாத பேச்சு. பாதி நன்றாகவே இருந்தது.

பன்னிரண்டாவது திங்கள்கிழமை. போய்ப் பார்க்கிறேன், என் வேங்கையனுக்குப் பக்கத்தில் இன்னொரு வேங்கையன். மீசை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. கத்தி வலது கையில். நெற்றியில் குங்குமம்.

"அது... அது எப்படி இங்க?"

"நாந்தானுங்க காலையில வெச்சேன். எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்துச்சு."

"இது எங்க கெடச்சுது?"

"பொன்னாயி குதிர்ல நெல்லு அள்ளப் போனாங்களாம். நெல்லுக்குள்ள குதிர மொளச்சிருக்குதுன்னு எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தாங்க." பொன்னாயி, நாச்சிமுத்துவின் பெண்டாட்டி. "சாமிக்குச் சொன்னத சாமிக்குக் குடுக்கோணுமில்லீங்க? ஏமாத்தலாமுங்களா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பொட்டியத் தொறந்த அன்னிக்கே தெரியுமுங்க. வேங்கையனுக்கும் முனியப்பனுக்கும் வித்தியாசந் தெரியாதா எனக்கு? வெள்ளிக்கெழமை பத்து மணிக்குப் பத்திரிகை ஊட்டுக்கு வருது. நீங்க ஒரு மணிக்குச் சோத்துக்கு வாரீங்க. நடுவுல மூணு மணி நேரம் அது சும்மாவா கெடக்கும்?"

நான் இல்லாத காக்கையை விரட்டினேன்.

"செவ்வந்தி இல்லீன்னா உங்க வேங்கையன் நாலாவது கதையிலயே செத்திருப்பானுங்க," என்றாள்.

"முட்டி வலி?"

"அது நெசமாலுமே போயிருச்சுங்க. எனக்காக வேண்டிக்கிட்டேன்னு நீங்க பொய் சொன்னதுக்கே போயிருச்சு."

இரண்டு வேங்கையனையும் மாறி மாறிப் பார்த்தேன். எட்டு வருஷம் ஏங்கியதும் எனக்கில்லை. நாலு நாளில் நானே செய்ததும் எனக்கில்லை.

"நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"இவரு வாரவாரம் எங்கூடக் கோயிலுக்கு வரோணும்னுங்க," என்றாள். "பலிச்சுருச்சு." நிலக்கடலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

அடுத்த தீபாவளி மலரில் மறுபடி கட்டம் கட்டியிருந்தார்கள். 'ஓவியரின் அனுமதி பெற்ற செவ்வந்தி பொம்மை! விரைவில்!' யாருக்கும் தெரியாமல் கார்டு எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பேனாவை வாங்கிக்கொண்டது.

"என் பேருக்கு எழுதறனுங்க. உங்க பேருக்கு வந்தா சாமிக்குப் போயிரும்."