சேனாதிபதி தொடாத சிப்பாய்கள்

சிப்பாய் பொம்மைக்குச் சட்டை தீட்டப் போன பிரஷ் மூன்றாவது தடவையும் பாதி வழியில் நின்றுவிட்டது.

"போ" என்றார் சேனாதிபதி, தன் கையைப் பார்த்து. கை போகவில்லை.

சேனாதிபதி என்பது பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் கிளப்பில் வைத்த பட்டப்பெயர். ஆபீஸில் அவர் இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சோதிக்கும் அதிகாரி. கார் மரத்தில் மோதிவிட்டது என்று யாராவது எழுதிக் கொடுத்தால், மரம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று நேரில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆசாமி. வீட்டுக்கு வந்தால் வேறு முகம். கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டு சட்டை, பூட்ஸ், மீசை, கண் என்று ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டுவார். அவர் அதை மினியேச்சர் என்பார். மனைவி பொம்மை என்பாள். மாமனார் எதுவும் சொல்ல மாட்டார். அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி.

மூன்று வருஷமாகக் கிளப் கண்காட்சியில் முதல் பரிசு சேனாதிபதிக்குத்தான். நடுவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல உயிர் இருக்கு சார்" என்று தலையை ஆட்டுவார்கள். கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் வகுப்பே எடுப்பார்.

"பெயிண்ட் அடிச்ச அன்னிக்கே பாத்துட்டு மனசு ஒடஞ்சு போகாதீங்க. ரெண்டு நாள் காய விடுங்க. காயக் காயத்தான் அழகு கூடும். என் அனுபவம் அது."

புதியவர்கள் இரண்டு நாள் காய விட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் கூடியிருக்காது. கைராசி என்று ஒன்று இருக்கிறதே என்று சேனாதிபதி ஆறுதல் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இப்போது கை ஓடவில்லை. இந்த வருஷம் நாற்பது பேர் கொண்ட ஒரு படையையே இறக்குகிறேன் என்று கிளப்பில் மார்தட்டிவிட்டு வந்திருந்தார். பெட்டியைப் பிரித்து, நாற்பது வெள்ளைப் பொம்மைகளையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினார். நாற்பது சட்டை, எண்பது பூட்ஸ், எண்பது கண். ஆபீஸ் ஃபைல்களே தேவலை என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. பரிசு போனால் போகிறது, மேஜை காலியாக இருந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

பொம்மைக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"எல்லாருக்கும் வர்றதுதான் சார். பர்ன்அவுட்டுன்னு பேரு. அளவுக்கு மீறினா ஆசையும் அலுத்துப்போகும். ஒரு வாரம் பிரஷ்ஷையே தொடாதீங்க."

"ஞாயித்துக்கிழமை கண்காட்சிய்யா!"

"அப்ப தொட்டுத்தான் ஆகணும்" என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் மனைவி வழக்கம்போலக் கேட்டாள். "இன்னிக்கு எத்தனை ஆச்சு?"

ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? அவர் பெயிண்ட் அடிக்கிற அறைதான் வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற ஒரே அறை. தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் மத்தியானம் வரை வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஓய்வாக உட்கார ஓர் இடம் கேட்டாள். 'இந்தப் பெயிண்டிங் இருந்தாத்தான் எனக்கு டென்ஷன் குறையும்' என்று வாதாடி அறையைப் பிடுங்கிக்கொண்டவர் இவர். இப்போது பெயிண்டிங்தான் டென்ஷன் என்றால் அவள் சிரிக்க மாட்டாளா?

"அஞ்சு" என்றார்.

"பரவாயில்லையே" என்றாள் அவள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பி, அறைக் கதவைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன் வரிசையில் ஐந்து சிப்பாய்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். கறுப்பு பூட்ஸ். மயிரிழை மாதிரி மீசை. ஐந்து பேரும் அவரையே உற்றுப் பார்த்தார்கள்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். அதே ஐந்து பேர்.

யார் செய்திருப்பார்கள்? ஆபீஸ் மூளை வேலை செய்தது. மனைவியா? நகத்துக்கு பாலிஷ் போடவே பொறுமை இல்லை என்கிறவள். மாமனாரா? டி.வி. ரிமோட்டைத் தவிர வேறு எதையும் அவர் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள். சேனாதிபதி தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் நீலக் கறை இருந்தது.

அது போன மாசத்துக் கறையாகவும் இருக்கலாம். ஆனால் பயந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் ஆயிற்றே. அடித்துவிட்டு மறந்துபோய்விட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அன்றைக்கும் மனைவி கேட்டாள். அன்றைக்கும் அவர் ஒன்றும் அடித்திருக்கவில்லை.

"எட்டு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எட்டா?" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரொம்ப இழுத்துப் போட்டுக்காதீங்க."

மறுநாள் எண்ணிப் பார்த்தார். புதிதாக எட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாயால் சொன்ன கணக்கு மேஜையில் அப்படியே வந்து நிற்கிறது என்றால் இது மறதி இல்லை, அதற்கும் மேலே என்னவோ!

மூன்றாம் நாள் அறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸுக்கே எடுத்துக்கொண்டு போனார். முந்தின இரவு சாப்பாட்டில் 'ஏழு' என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீஸில் நாள் முழுக்கப் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தடவிக்கொண்டே இருந்தார். யாரோ கொண்டுவந்த தீ விபத்து கிளெய்மைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் சர்வீஸில் அப்படி நடந்ததே கிடையாது. பக்கத்து சீட்காரர் எழுந்து வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். உள்ளே ஏழு பேர் புதுச் சட்டையில் அணிவகுத்து நின்றார்கள்.

"ஐயோ!" என்று அலறிவிட்டார்.

"என்னங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல! கால்ல இடிச்சுக்கிட்டேன்!"

கூடத்தில் மாமனார் டி.வி. சத்தத்தை ஒரு புள்ளி கூட்டிக்கொண்டார்.

சாவி தன்னிடம் இருந்தது. ஆகவே உள்ளே போனது தான்தான். எப்போது போனோம், எப்படிப் போனோம் என்பதுதான் ஞாபகமில்லை. மூளை கழன்றுகொண்டிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "பொம்மைங்க தானா பெயிண்ட் ஆகுதா?"

"தானா எப்படி டாக்டர் ஆகும்? நான்தான் அடிக்கிறேன். எனக்கே தெரியாம அடிக்கிறேன்."

"நல்லா வருதா?"

"எது?"

"பெயிண்டிங்."

"பிரமாதமா வருது டாக்டர்!"

"அப்ப என்ன கஷ்டம் உங்களுக்கு?"

சேனாதிபதியின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதைப் பார்த்து டாக்டர் இறங்கி வந்தார். "சரி சரி. மனசு ஓஞ்சுபோச்சு, பழக்கத்துல கை மட்டும் ஓடுது. கைக்கு ஓய்வு குடுத்துடுவோம். ரெண்டு கையையும் கட்டிட்டா உங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ண முடியாதில்ல? நாளைக்கு லீவு போடுங்க. மத்தியானம் இந்த மாத்திரையைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

இரண்டு கையும் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு திரண்டிருக்க, சேனாதிபதி வீடு திரும்பினார். ஆபீஸ் கதவில் நசுங்கிவிட்டது, வீட்டுக்கு வந்த பிறகுதான் வலி தெரிந்தது என்று சொன்னார். மனைவி பதறிப்போனாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு, ஸ்பூனால் எடுத்து அவளே ஊட்டினாள். நாலு வாய் போனதும், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கேட்டுவிட்டாள்.

"இன்னிக்கு எத்தனை ஆச்சு?"

நாக்கில் சனி. "பத்து" என்று வந்துவிட்டது.

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. "பத்தா? இந்தக் கையோடயா?"

"இல்ல... கட்டு போடறதுக்கு முன்னாடி."

"ஆபீஸ்லயா பெயிண்ட் அடிச்சீங்க?"

அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்து காட்டினார். அவள் ஊட்டினாள். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தவர், அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். மனைவி வந்து தோளைத் தொட்டு எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. எழுந்ததும் அவர் கால்கள் அறையைப் பார்த்துத்தான் போயின. முட்டியால் கதவைத் தள்ளினார்.

புதிதாகப் பத்து பேர் நின்றார்கள்.

குனிந்து தன் கையைப் பார்த்தார். வெள்ளைக் கட்டின் மேல், சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில், ஈரமாக ஒரு நீலப் பொட்டு.

கட்டிப்போட்ட கையாலும் அடித்திருக்கிறேன்! மருந்து கொடுத்துத் தூங்க வைத்தும் அடித்திருக்கிறேன்! பேயறைந்த மாதிரி கூடத்துக்கு ஓடிவந்து, டி.வி.க்குக் குறுக்கே நின்றுகொண்டார். மாமனார் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்க்க முயன்றார்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார் சேனாதிபதி.

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"இந்த வாரம் நான் ஒரு பொம்மையக்கூடத் தொடல. அஞ்சுன்னு சொன்னது பொய். எட்டுன்னதும் பொய். எல்லாமே பொய். எனக்கு அந்தப் பிரஷ்ஷப் பாத்தாலே குமட்டுது. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு. ஆனா நான் என்ன சொன்னேனோ அது அப்படியே நடந்திருக்கு. எனக்கே தெரியாம நான் அடிக்கிறேன். நாளைக்கு நான் கண்காட்சிக்குப் போகல. பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடு!"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விம்மினார். மூக்கைத் துடைக்க முடியாமல் கட்டுப் போட்ட கையோடு திண்டாடினார். மனைவிதான் வந்து துடைத்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அட கடவுளே, இத மொத நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான்தாங்க அடிச்சேன்."

"யாரு?"

"நான்தான். அஞ்சு முடிச்சேன்னு சொன்னீங்க. போய்ப் பாத்தா ஒண்ணுகூட இல்ல. பகீர்னு ஆயிடுச்சு. மனுஷன் அடிக்காமலே அடிச்சதா நினைச்சுக்கிட்டு இருக்காரே, வந்து வெறும் பொம்மையைப் பாத்தா ஒடஞ்சு போயிடுவாரேன்னு நான் அடிச்சு வச்சேன். அதான் தினமும் கேட்டேன். எத்தனை அடிக்கணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"பூட்டியிருந்துச்சே!"

"இன்னொரு சாவி கிச்சன்ல கண்ணுக்கு நேராத்தான் தொங்குது."

"கட்டு மேல பெயிண்ட்டு?"

"உங்களை எழுப்பறப்ப என் கை பட்டிருக்கும்."

ஊரார் பொய்யையெல்லாம் நோண்டிப் பிடிக்கிற மனுஷன், சொந்த வீட்டுச் சாவியைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். ஆனாலும் பைத்தியம் இல்லை! தலையிலிருந்து ஒரு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணைக் கட்டால் ஒற்றிக்கொண்டு, மனைவியைப் புதிதாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"உனக்கு இவ்வளவு நல்லா வருமா? என் கைவேலை மாதிரியே இருக்கே! அந்தக் கண்ணு, அந்த மீசை... நான் அடிக்கிறதைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டியா?"

மனைவி சுவரைப் பார்த்தாள். "ஆமாங்க. பாத்துப் பாத்துதான்."

"பாத்தியா! எனக்குள்ள செத்துக் கிடந்த ஆசை திரும்ப வந்துடுச்சு. இந்த அலுப்புக்கு மருந்தே இதுதான் போல, பக்கத்துல ஒரு துணை வேணும்." சேனாதிபதி பல்லால் கட்டை இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தார். "மிச்சம் பத்து இருக்கு. நீ போய்ப் படு. பத்தையும் நானே இன்னிக்கு அடிச்சு முடிக்கிறேன்! நாளைக்கும் முதல் பரிசு நமக்குத்தான்!"

மாமனார் டி.வி.யை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அதுல மட்டும் கை வச்சுடாதீங்க. மூணு வருஷமா நீங்க அடிச்சு வைக்கிறதை ஒண்ணு விடாம ஊறப்போட்டு, பெயிண்டை உரிச்சு வெள்ளையாக்கி, மறுபடி அடிக்க இவகிட்ட குடுக்கிறவன் நான்தான். இந்த ஒரு வாரம்தான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு!"