கக்கா டாக்டரும் மருந்துப் பாலும்

ஏற்காட்டில் யாருடைய முகமும் ஞாபகமில்லாமல், எல்லாக் குழந்தைகளின் மலத்தையும் ஞாபகம் வைத்திருந்த ஒரே மனிதர் கக்கா டாக்டர். ஒண்டிக்கடைப் பக்கம் குழந்தைகள் கிளினிக் நடத்தினார். உண்மைப் பெயர் போர்டில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் நான் மூன்று வயது மகள் மெர்சியை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த டாக்டர், குழம்பு ஊற்றும் நேரம் பார்த்து, "ஏனுங்க, பாப்பாவுக்குக் காலைல எந்தக் கலர்ல போச்சுங்க?" என்றார். பக்கத்து இலைக்காரர் கைகழுவப் போய்விட்டார்.

"மாசக்கணக்கா ரத்தம் கலந்து போகுதுங்க. பூச்சி மருந்து மூணு தடவ குடுத்தாச்சு" என்றேன்.

டாக்டர் இலையை மூடினார். நேராகக் கிளினிக்குக் கூட்டிப்போய் எடை பார்த்தார். நான் போனில் எடுத்து வைத்திருந்த மலத்தின் படங்களை, பிறர் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது பூச்சி இல்லீங்க. குடல் உள்ளாற புண்ணாட்டம் தெரியுது. நாளைக்கே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"ரெண்டு நாள்ல பண்டிகைங்க, முடியட்டுங்களே?" என்றார் என் கணவர்.

"குடலுக்குப் பண்டிகை தெரியாதுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் டாக்டர் எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். அடிவாரம் வருவதற்குள் மெர்சியின் குடல் வரலாறு பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. கண்டக்டர் ஜெபம் செய்வதாகச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, கேமராக் குழாய் விட்டு, சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் குடல் அழற்சி. முதல் சிகிச்சையாக ஆறு வாரம் மருந்துப் பால் மட்டும். வேறு சாப்பாடு கூடாது.

வீடு திரும்பியதும் மெர்சி முதல் வாயைச் சுவரில் துப்பினாள். நான் அழுதேன். சாயங்காலம் வந்த டாக்டர், தனக்கும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார்.

"கண்ணு, நீ துப்புனது நியாயந்தான்."

பிறகு டம்ளரைக் காலி செய்தார். அவளும் குடித்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள்.

நான்காவது வாரம் ரத்தம் நின்றது. எடை ஏறியது. கடைவீதியில் டாக்டரின் மனைவி என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க, மனுசன் ஊட்ல ராத்திரிச் சோறே வேண்டாங்கறாருங்க. பாப்பா சாப்பிடற வரைக்கும் தானும் சாப்பிடறதில்லைன்னு அதுகிட்ட சொல்லிப்போட்டாராம்."

மெர்சி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், மருந்து தொடர்கிறது. டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆறு வாரம் முடிந்து முதல் இட்லி வைத்த அன்று, அவள் அதைப் பிய்த்து முதல் துண்டை அவர் வாயில் வைத்தாள். ஒரு துண்டு இட்லியை அவ்வளவு நேரம் மென்ற மனிதரை நான் பார்த்ததில்லை.