கோட்டை வாச்சர் வீட்டுத் துரைமார்

கண்டி ராஜாவுக்குப் பிறகு இலங்கையில் சொந்தமாகக் கோட்டை வைத்து, அதற்குள் குடும்பமும் நடத்திய ஒரே மனிதர் எங்கள் கோட்டை வாச்சர்தான். சரித்திரப் புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது. அவருடைய கோட்டை டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் நீள லயத்தில், கடைசிக்கு முந்தின காம்பராவில் இருந்தது. காம்பரா என்றால் ஒற்றை அறை. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். அதற்குள்ளேதான் அடுப்பு, அதற்குள்ளேதான் படுக்கை, அதற்குள்ளேதான் ஒரு பட்டாளம் குதிரைகளும்.

கடைசிக் காம்பராவில் நான் இருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் நான், உதவி வாத்தியார் நான், மணியடிப்பவனும் நானே. தனி வீடு தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தரும் வரைக்கும் லயம். இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் வாச்சர் வீட்டில் யார் தும்மினாலும் 'நூறு' சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு.

அவர் துரை பங்களாவுக்கு வாச்சர், அதாவது காவல்காரர். பழைய துரையின் பெண்சாதிக்குச் சீமையிலுள்ள பழங்காலக் கோட்டைகள் மேல் பைத்தியம். சாப்பாட்டு அறைச் சுவருக்கென்று கப்பலில் காகிதம் வரவழைத்து ஒட்டியிருந்தார். குன்றின் மேல் கோட்டை, அதன் கீழே குதிரையேறி வேட்டைக்குப் போகும் ராஜாக்கள், கூம்புத் தொப்பி வைத்த ராணிகள், நாய்கள், நடுவில் ஒரு மான். இதே படம் மறுபடி மறுபடி சுவர் முழுக்க வரும். ஜன்னல்களுக்குத் தங்க நூலில் சிங்கம் நெய்த கனத்த சிவப்புத் திரைகள். வாச்சருக்குப் பங்களாவுக்குள் நுழைய அனுமதி கிடையாது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றே வருஷக்கணக்காக அந்தச் சுவரைப் பார்த்துவந்தார். மற்ற வாச்சர்கள் திருடன் வருகிறானா என்று பார்ப்பார்கள். இவர் மான் தப்பிக்கிறதா என்று பார்த்தார்.

பழைய துரை சீமைக்குப் போனார். புதிதாக வந்த துரைக்கு வெள்ளைச் சுவர்தான் பிடிக்குமாம். ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்த மிச்சக் காகிதச் சுருள்களையும் கழற்றிய திரைகளையும் கொளுத்திவிடச் சொன்னார். அந்த வேலை நம் வாச்சரிடம் வந்தது. அன்றைக்குப் பங்களாவுக்குப் பின்னால் புகை வந்தது உண்மைதான். எரிந்தது வெறும் சருகு.

மறுநாள் ஒரு வாரத்து ரொட்டி மாவைப் பசையாகக் காய்ச்சிச் சுவரெல்லாம் பூசினார். அந்த வாரம் அந்த வீட்டில் மூன்று வேளையும் கிழங்கு. அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய காகிதம் மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. கோட்டை கீழ்நோக்கித் தொங்கியது, ராஜாக்கள் தலை தரையைப் பார்க்கச் சவாரி செய்தார்கள். நான் மெதுவாகச் சுட்டிக்காட்டினேன். வாச்சர் அசரவில்லை.

"அது தண்ணியில தெரியிற நெழலுங்க வாத்தியாரய்யா. கோட்டைன்னா பக்கத்துல கொளம் இருக்காதா?"

பசையில் கோதுமை வாசம் இருந்ததா, வீட்டு ஆடு ஒரு நாள் உள்ளே புகுந்து எட்டின மட்டும் நக்கித் தின்றுவிட்டது. குதிரைகளுக்கெல்லாம் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. குதிரைகள் தேயிலைக்குள் நிற்கின்றன, அதனால்தான் கால் தெரியவில்லை என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சிவப்புத் திரை ஒன்று வாசலில் தொங்கியது. அதில் திறப்பு எங்கேயிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் உள்ளே போக முடியும். இன்னொன்றை மழைக்குக் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தார். பனிமூட்டத்துக்குள் தங்கச் சிங்கம் நடந்து வருவதைக் கண்ட கணக்கப்பிள்ளை, ஆள் கணக்கெடுப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து சலாம் வைத்துவிட்டார். வாச்சரும் பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஆனால் கோட்டைக்குள் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும், ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். துரை முன்னால் உட்காருவது என்ற பேச்சே இல்லை. இந்தப் பழக்கம் எங்கள் எலும்பில் ஊறிப்போனது. வாச்சர் வீட்டுக்குள் கால் வைத்ததும் நாலு பக்கமும் வெள்ளை முகங்கள். வருகிறவர்கள் தங்களையறியாமல் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். ஆட்டுத் தகராறுக்காகச் சண்டைக்கு வந்தவர்கூட, அத்தனை துரைமார் முன்னால் கெட்ட வார்த்தை வராமல் திரும்பிவிட்டார். இரண்டெழுத்துப் படித்த நானும் அங்கே உட்கார்ந்ததில்லை.

எல்லோரையும்விட அவதிப்பட்டது வாச்சரின் மனைவி வீராயி. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது, எப்படிச் சேலை மாற்றுவது என்று தினமும் சண்டை. எனக்குச் சுவருக்கு மேலாக எல்லாம் கேட்கும். தன் சேலைகளைக் கயிற்றில் மாட்டி ராஜாக்களை மறைப்பாள். வாச்சர் வந்து அவிழ்ப்பார். காகிதத்தில் விரல்படக் கூடாது, தோள் உரசக் கூடாது, தாளிப்பது வெளியே இஸ்தோப்புத் திண்ணையில்தான். அவர் போட்ட சட்டங்கள் அவ்வளவு.

இந்த நிலைமையில்தான் மகள் பாக்கியத்தைப் பெண் பார்க்க அக்கரப்பத்தனையிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பையன் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மாரியம்மன் திருவிழாவில் பாக்கியம் அவனைப் பார்த்திருக்கிறாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று தாயிடம் அவள் ரகசியம் சொன்னதை, சுவர் புண்ணியத்தில் நானும் கேட்டேன். அன்றிலிருந்து வீராயியின் பேச்சே மாறிவிட்டது.

"எம் மக வாழ்க்க இது. வாறவுங்க இந்தக் கடுதாசியப் பார்த்து மெரண்டு போனாங்கன்னா, மொத்தத்தையும் அடுப்புல வச்சிட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

கோட்டையைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் சொக்கிப்போவார்கள் என்பது வாச்சரின் கணக்கு. ராஜாக்களின் முகத்தைக் கோழி இறகால் துடைத்துவைத்தார்.

வந்தார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பையனின் அப்பா வயசான கங்காணி. திரைக்குள் சிக்கிச் சிறிது நேரம் சிங்கத்தோடு போராடிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். மளமளவென்று தலைப்பாகையை அவிழ்த்தார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பையன் சுவரோரமாக ஒதுங்கப் போனான். அந்தப் பக்கமும் ஒரு ராஜா இருந்ததால் நடுவில் வந்து நின்றான். பாய் விரித்திருந்தது. யாரும் உட்காரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால்தான் பேச்சே ஆரம்பமாகும். நின்றபடியே போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாச்சர் 'ஒக்காருங்க' என்றார், நான் சொன்னேன், மறுபடி வாச்சர் சொன்னார். கங்காணி 'இருக்கட்டும்ங்க, இருக்கட்டும்ங்க' என்று கைகட்டி நின்றார். பாக்கியம் கொண்டுவந்த தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டார்களே தவிரக் குடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் கங்காணி மெல்லிய குரலில் சொன்னார்:

"கோவிச்சிக்காதீங்க. எங்க ஆயுசுல தொரமாரு முன்னுக்கு ஒக்கார்ந்து பழக்கமில்லைங்க. நாங்க போயிட்டு வாறோம்."

வீராயி முன்னால் வந்தாள். கொள்ளிக்கட்டையைத்தான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்து நான் வாசல் திரையில் திறப்பைத் தேடத் தொடங்கினேன். அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. சாமி மாடத்திலிருந்த திருநீறு குங்குமத் தட்டை எடுத்தாள். நேராக முதல் ராஜாவிடம் போய் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகப் பூசினாள். பக்கத்திலிருந்த ராணிக்குக் குங்குமம் வைத்தாள். அடுத்த ராஜா. அடுத்த ராணி.

நான் வாச்சரைப் பார்த்தேன். விரல்படக் கூடாது என்று சட்டம் போட்ட மனிதர். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு வீராயியின் கையிலிருந்த தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே போனார். தலைகீழ் ராஜாக்களுக்கு அவள் குனிந்து பூசியபோது தட்டையும் தாழ்த்திப் பிடித்தார்.

"மேல் வரிசையில ஒருத்தரு விட்டுப்போச்சு பாரு," என்றார்.

ஒரு சுற்று முடிந்தது. வீராயி கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

"இனிமே இவுங்க தொரமாரு இல்லைங்க. நம்ம வீட்டுத் திருநீறு பூசிட்டாங்க, நம்ம சனந்தான். ஒக்காருங்க."

கங்காணி ஒரு ராஜாவின் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். பட்டை பளிச்சென்று இருந்தது. தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குதிரைக்கெல்லாம் ஏன் கால் இல்லை என்று விசாரித்தார். வாச்சர் விளக்கினார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கோட்டை இப்படி ஆனதில் வருத்தமில்லையா என்று பிறகு அவரைக் கேட்டேன்.

"வருசக்கணக்கா கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தேனுங்க. உள்ளுக்குக் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கும். இப்ப அவுங்க நம்ம வீட்டுக்கு வந்து, நம்ம புள்ளைக்குச் சம்பந்தம் பேசயில கூட இருந்தாங்களே. அது போதும்."

சொல்லிவிட்டு, மேல் வரிசை ராஜா ஒருவரின் நெற்றியில் உதிர்ந்திருந்த திருநீற்றைச் சரிசெய்தார்.

அந்த வருஷம் துரை லயம் பார்க்க வருமுன் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்தார்கள். திருநீற்றையும் குங்குமத்தையும் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் காம்பராவுக்குப் போய்விட்டார்கள். பின்னாலே துரை வந்து எட்டிப் பார்த்தார். கொளுத்தச் சொன்ன காகிதம் இதுதான் என்று தெரிந்ததோ என்னவோ. கூட வந்த கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டு, இது சாமி கும்பிடும் இடம் என்று சொல்லிவைத்தார். துரை உடனே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் நாட்டு ராஜாக்கள் முன்னால் மரியாதையாக நின்றார். பக்கத்தில் வாச்சர் தலைப்பாகையோடு நின்றார். அவிழ்க்க மறந்துவிட்டாராம்.

இப்போதும் சினிமாவில் சீமைக் கோட்டையும் குதிரை மேல் ராஜாவும் வந்தால் என் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகிறது. வெறும் நெற்றி. பார்க்கவே பாவமாக இருக்கிறது. இவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு வாச்சர் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.