எடை புரோகிராம் பதினொரு தடவை செத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நம் பழைய இரும்புக் கடைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த எடை புரோகிராம் இன்று காலையோடு பதினொரு தடவை செத்துவிட்டது. மற்றபடி நானும் உங்கள் அத்தையும் நலம்; அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் "சிக்னல் இல்ல மாமா" என்பீர்கள். அதனால் எழுத்தில்.

வருகிற திங்கள் முதல் உருக்காலைக்காரர் கையால் எழுதிய சீட்டை வாங்க மாட்டாராம். தராசிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் அச்சாகிற சீட்டு இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவாராம். என் பழைய இரும்பில் முக்கால்வாசியை எடுக்கிறவர் அவர்தான். அந்தப் பதற்றத்தில்தான் போன வாரம் சொந்தக்காரர்கள் முன்னால் உங்களைப் "படிச்ச தண்டம்" என்றேன்.

ஆனால் எது உடைந்தாலும் எங்கே உடைந்தது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. உங்கள் புரோகிராம் ஒவ்வொரு தடவை சாகும்போதும் ஒரு கோப்பை எழுதி வைத்துவிட்டே சாகிறது. செத்தவன் தானே பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதி நான் பார்த்ததில்லை. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். விபத்து நீங்கள் புரோகிராம் எழுதிய ஜாவா மொழிக்குள் நடக்கவில்லை, வெளியே ஏதோ நேட்டிவ் லைப்ரரியில் நடந்தது என்று இருந்தது. இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம்தான், சரக்கு அனுப்புகிற எல்லாரும் சொல்வது: "சரக்கு எங்க கிடங்க விட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, லாரிக்காரனைக் கேளுங்க!" இங்கே யார் இந்த லாரிக்காரன் என்று போனில் என் மகளிடம் கேட்டேன். "அப்பா, ஜாவாவுக்குத் தராசு வயரோட நேரா பேசத் தெரியாது. நடுவுல சி மொழியில எழுதின தரகர் மாதிரி ஒண்ணு இருக்கு" என்றாள். தரகரா! அப்படிச் சொன்னால் எனக்குப் புரியாதா?

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் கணக்கெடுத்தேன். சொந்தச் சரக்கை இரண்டு மணி நேரம் எடை போட்டாலும் சாகவில்லை. வெளி ஆள் சரக்கு கொண்டு வந்தால் மட்டும் சாகிறது. ஸ்டூலைப் போட்டுத் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய பாத்திரம் கொண்டு வந்த ஒருவர், "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் எடையைக் குறைக்கிறீங்களா?" என்று கேட்டார். நம் கடையில் எடை போடுகிற எடைக்காரம்மா சிலிர்த்துக்கொண்டு, "இந்தாங்க, வயரையே புடுங்கிட்டேன். இப்பப் பாருங்க, அதே நாப்பத்திரண்டு கிலோ!" என்றார். பாத்திரக்காரர் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டர் செத்தது.

மாப்பிள்ளை, அப்படிப் பிடுங்கிக் காட்டச் சொன்னதே நான்தான். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே, நம் நாணயம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தரகர் எடையைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எதிரே வயரே இல்லை, குப்புற விழுகிறார், விழும்போது முதலாளி ஜாவாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பதினொன்றில் சேராமல், நானே பன்னிரண்டு தடவை பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பது தடவை செத்தது, மூன்று தடவை பிழைத்தது. அந்த மூன்றும் ஏன் பிழைத்தன? சாப்பிட உட்கார்ந்தால்கூட இதே யோசனை. தரகர் கை நீட்டாத நொடியில் பிடுங்கிவிட்டேனோ?

ஆகவே தப்பு உங்களுடையது இல்லை. தண்டம் என்ற சொல்லை அதே சொந்தக்காரர்கள் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனி வயரைத் தொடக்கூடாது என்று எடைக்காரம்மாவிடம் சொல்லி, வயரை ஆணி அடித்து இறுக்கிவிட்டேன். நீங்கள் புரோகிராமில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். ஏற்கெனவே லீவு போட்டபடி இரண்டு பேரும் நிம்மதியாக ஊர் சுற்றிவிட்டு வாருங்கள். எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது உருக்காலைக்காரர் வந்தார். ஆணியைப் பார்த்து, "இப்ப வயரைப் புடுங்கிக் காட்டுறீங்கன்னு கேள்விப்பட்டு அதைப் பாக்கத்தான் வந்தேன். அதையே நிறுத்திட்டீங்களா? அப்ப எனக்கு மட்டும் என்ன நம்பிக்கை?" என்றார். ஆணியைக் கழற்றிவிட்டேன். ஊர் சுற்ற நீங்கள் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுங்கள். பேசி முடித்தது இது: திங்கள் முதல் வாரம் மூன்று லோடு, லோடுக்கு ஒரு தடவை அவர் கையாலேயே வயரைப் பிடுங்குவார், திரும்பச் செருகியதும் சீட்டு வர வேண்டும்.