என் வால்வு அப்ரூவர் ஆன நாள்

அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவனுக்குத் தன் தப்பை மறைக்க மட்டும் தெரியவே தெரியாது. அதற்கு நானே அத்தாட்சி.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். பழுதாகித் திரும்பிவந்த பாகத்தை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், ஆபரேட்டர் டீ குடிக்கப் போன நேரமா என்பது வரை சொல்லிவிடுவேன். (பாதி அளப்புதான். ஆனால் முகத்தை அப்படி வைத்துக்கொள்வேன்.)

சில வருடங்களுக்கு முன் என் இதய வால்வே பழுதாகி, அதை அறுத்தெடுத்துவிட்டு வேறு பொருத்தினார்கள். எடுத்ததை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒரு படிவம். அன்றிருந்த நிலையில் மண்ணூரில் இருக்கும் என் வீட்டையே கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சில மாதம் கழித்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "வால்வை மெல்லிசா சீவி, புள்ளி புள்ளியா லேசர் அடிச்சு, எந்த மூலக்கூறு எங்க இருக்குன்னு படமா எடுக்கிறோம் அங்கிள். திசு குடுத்தவங்களுக்குக் காட்டப் போறோம். ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க."

ஆன்ட்டி வருவதுதான் சிக்கல். மூன்று வருடமாக எண்ணெய்ப் பலகாரம் தொடவில்லை என்று மனைவி கஸ்தூரியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன். அவளும் அதைச் சொந்தபந்தம் முழுக்கப் பெருமையாகப் பரப்பியிருந்தாள். உண்மையில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை தினமும் நாலு போண்டா. புள்ளி புள்ளியாகப் பார்த்தால் சட்னி உட்படத் தெரிந்துவிடாதா?

போனோம். பெரிய திரையில் ஒரு வால்வு, வண்ண வண்ணத் திட்டுகளோடு.

"இந்த மஞ்சள் எல்லாம் கொழுப்பு" என்றாள் அந்தப் பெண்.

கஸ்தூரி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "எண்ணெயே தொடாத மனுசனுக்கு இம்மாங் கொழுப்பு எப்டி வந்துச்சாம்?"

"அந்தப் பச்சை?" என்றேன்.

"அதுக்குத்தான் வரேன் அங்கிள்."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிட்டர் கண்டுபிடிப்பதற்குள் நாமே ஒப்புக்கொண்டால் திட்டு பாதியாகும். எழுந்து நின்றேன்.

"மேடம், நானே சொல்லிடறேன். எடம், ஒரகடம் பஸ் ஸ்டாப். நேரம், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சதும். நாலு போண்டா. ஓ.டி. இருந்தா ஆறு. பச்சை, கொத்தமல்லிச் சட்னி. ஓரத்துல கறுப்பு, எப்பவாச்சும் ஒரு சிகரெட்."

(சிகரெட்டை யாரும் கேட்கவே இல்லை.)

"யோவ்! அது வேறயா?" என்றாள் கஸ்தூரி.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். "அங்கிள், கலரெல்லாம் நாங்க கம்ப்யூட்டர்ல குடுத்தது. பச்சை, சுண்ணாம்பு படியற எடத்துல இருக்கிற ஒரு புரோட்டீன். கறுப்பு, ஒண்ணுமே இல்லாத வெத்து எடம். என்ன சாப்பிட்டீங்கன்னெல்லாம் இதுல தெரியாது." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... இது உங்க வால்வே இல்ல. உங்களது அடுத்த படம். இது பேர் தெரியாத ஒரு அம்மாவோடது. வயசு அறுபத்தெட்டு."

திரும்பும் பஸ்ஸில் இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் கஸ்தூரி டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஒரே கேள்வி: "ஓ.டி. இருந்தா ஆறா?"

இன்றும் எங்கள் வீட்டில் போண்டா சுட்டால் எல்லோர் தட்டிலும் விழும், என் தட்டைத் தவிர. கஸ்தூரி இதையும் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிட்டாள்; அவர்களோ என்னை நலம் விசாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"அந்த வால்வு அம்மா எப்டிகீறாங்க? இன்னும் சிகரெட் புடிக்கிறாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.