காலேஜ் காட்டிய எலுமிச்சம்பழம்

அடேயப்பா, என்ன கூட்டம்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாசம். பெரம்பலூர் பஸ், அரியலூர் பஸ் எல்லாவற்றிலும் தொங்கிக்கொண்டு ஜனங்கள் ஜெயங்கொண்டம் சந்தை மைதானத்தில் வந்து இறங்கினார்கள். யாரைப் பார்க்க? எலுமிச்சைச் சித்தரை! பலகையில் பழத்தை வைப்பார். யாரும் தொடாமலே அது உருளும். மேற்கே உருண்டால் மேற்கே மாப்பிள்ளை, கிழக்கே உருண்டால் கிழக்கே உத்தியோகம். பழத்துக்கு அவ்வளவு அறிவு!

வரிசையில் பாதிப் பேர் படித்தவர்கள். பச்சையம்மாளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். தா.பழூரில் நடவு நட்டு, களை பறித்து, தகப்பனில்லாத மகனை பி.ஏ. வரை படிக்க வைத்தவள் அவள். மகன் தர்மராஜ் மேல்படிப்புக்காக அமெரிக்காவில் மூன்று காலேஜுக்கு எழுதி விசாரித்திருந்தான். முந்திக்கொண்டு விண்ணப்பம் போட்டால் இடம் கிடைப்பது சுலபம். ஆனால் அப்படி ஒரே காலேஜுக்குத்தான் போடலாம். இடம் கொடுத்தால் அங்கேதான் சேர வேண்டும். அன்று சாயங்காலத் தபாலை விட்டால் அந்த வாய்ப்பும் போச்சு. எதற்குப் போடுவது என்று கேட்கத்தான் நம்ம பி.ஏ., எலுமிச்சம்பழத்திடம் வந்திருந்தார்!

மூன்று காலேஜுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருந்த உறைகளைத் தர்மராஜ் பலகையில் வைத்தான். சித்தர் பழத்தை நடுவில் வைத்துக் கண்ணை மூடினார். பழம் அசைந்தது, ஆடியது, உருண்டு போய் ஓர் உறையில் முட்டியது.

"அம்மா! இருக்கிறதுலயே பெரிய காலேஜ்!" என்று குதித்தான் தர்மராஜ்.

"அவங்கதானடா வெளிநாட்டுப் புள்ளைங்களுக்கு ஒரு உதவியும் கெடையாதுன்னு எழுதியிருந்தாங்க? நேத்து நீதான படிச்சுக் காட்டுன?"

"வழி பொறக்கும் தாயீ," என்றார் சித்தர்.

"படிப்பு, சோறு, கப்பல் செலவு, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு அந்தச் சின்னக் காலேஜுக்காரன் எழுதியிருக்கானே. அது ஒங்க பழத்துக்குத் தெரியலையா சாமி?"

"பேரே தெரியாத காலேஜும்மா அது," என்று முனகினான் மகன்.

"நீ பேரைத் திம்பியா, சோத்தைத் திம்பியா?" என்றவள் சித்தரிடம் திரும்பினாள். "இன்னொரு தடவ உருட்டுங்க சாமி. நெசமான வாக்குன்னா அங்கயேதான போவணும்?"

சித்தர் முறைத்தார். ஆனால் கூட்டம் விடவில்லை. "உருட்டுங்க சாமி, அந்தம்மா மூக்கு உடையட்டும்!" பக்தர்கள்தான், பாவம்!

உருண்டது. இந்த முறை வேறோர் உறையில் முட்டியது. மூன்றாம் முறை எந்தக் காலேஜும் வேண்டாமென்று பலகையை விட்டே இறங்கி, விபூதித் தட்டுக்குப் போனது.

"ஒம் மவனுக்கு தோஷம்!" என்று சீறினார் சித்தர்.

"தோஷமா? இருங்க." பச்சையம்மாள் தன் பையிலிருந்து, சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. உடனே சித்தருடைய பழத்தை எட்டி எடுத்து, இரண்டு கையாலும் பிய்த்தாள். உள்ளே சதையே இல்லை. குடைந்த பழத்திலிருந்து கொழுத்த சாணி வண்டு ஒன்று வெளியே வந்து, சித்தர் தாடியில் ஏறியது.

"இந்தாடா, ஒனக்குக் காலேஜ் பாத்துச் சொன்ன வாத்தியாரு!"

சித்தர் தாடியை உதறிக்கொண்டே முந்திரித் தோப்புப் பக்கம் ஓடினார். தர்மராஜுக்கு முகம் செத்துவிட்டது. சின்னக் காலேஜ் உறையை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினான். தபால் வண்டி கிளம்புவதற்குள் போட்டும்விட்டான்.

கூட்டம் கலையவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ஹைஸ்கூல் வாத்தியார் சிவசுப்பிரமணியன் கையைப் பிசைந்தார். "ஏம்மா, இப்படிப் பண்ணிட்டீங்களே! என் பொண்ணுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையிலன்னு இனிமே நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"ஒங்க பொண்ணைக் கேளுங்க சார்," என்றாள் பச்சையம்மாள். "அது தலைக்குள்ளயாவது மூளை இருக்கும்."