தாடை டாக்டர் குனிய வைத்த கழுத்துகள்

சங்கரன்கோவிலில் தாடை டாக்டருக்குக் குனியாத கழுத்து ஒன்றுகூடக் கிடையாது. காய்ச்சலோ இல்லையோ, எந்தப் பிள்ளையைக் கண்டாலும், "ஏலே, தாடைய நெஞ்சுல தொடு பாப்போம்" என்பார். கழுத்து விறைத்து, தொட முடியாவிட்டால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். காதுகுத்து வீட்டில் ஆசாரியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அப்பன் தோளில் இருக்கும் பிள்ளையையும் விடமாட்டார். கடைசியில் அவர் தலை தெரிந்தாலே பிள்ளைகள் தாமாகவே குனிந்தார்கள். ஊருக்குப் புதியவனான நான், "என்ன மரியாதை!" என்று வியந்தேன்.

நான் வந்தது கணக்கெடுக்க. குழந்தைகளுக்குப் புதிய தடுப்பூசி வந்தபின் எந்த வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் நோயே இல்லை, சங்கரன்கோவில்தான் மோசம் என்று சுகாதாரத் துறைக் கூட்டத்தில் வாசித்தேன்.

டாக்டர் எழுந்தார். "திருவேங்கடத்துல முதுகுல நீர் எடுத்துச் சோதிக்க ஆள் இருக்கா வே?"

"இல்லை."

"கண்ண மூடிட்டு நடந்தா, ரோட்டுல பள்ளமே இல்லன்னும் எழுதலாம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். ஒரு வரியும் மாற்றாமல் அறிக்கையை அனுப்பினேன்.

சேதி ஊருக்குள் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. ஊசி போட்ட ஊரில்தான் நோய் கூடுதலாம் என்று, தாய்மார் சிலர் பிள்ளைகளைத் தூக்கி வருவதையே நிறுத்தினார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் பாவம் என்னுடையது. டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. என்னை ஸ்கூட்டரில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோனார்.

"இந்தா, எண்ணுன ஆளையே கூட்டியாந்துட்டேன். கேளும்மா!"

கைப்பிள்ளையோடு நின்ற ஒரு தாய் முறைத்தாள். "ஊசி பிரயோசனமா, இல்லியா? ஒண்ணச் சொல்லுங்க சார்."

"பிரயோசனம்தாம்மா. இங்கே டாக்டர் தேடுறார், அதனால தெரியுது. அங்கே யாரும் தேடல. இந்த ஊரையே ஊசிக்கு முன்ன, ஊசிக்குப் பின்னன்னு வச்சுப் பார்த்தா, நோய் நல்லாக் குறைஞ்சிருக்கு. தப்பா ஒப்பிட்டது நான்தான்." தலை குனிந்தேன்.

"கழுத்து நல்லா வளையுது. இனி பயமில்ல" என்றார் டாக்டர்.

அவள் சிரித்துவிட்டாள். மறுவாரம் பிள்ளையோடு வந்தாள். மற்றவர்களையும் இழுத்து வந்தாள். டாக்டர் நச்சரித்து நச்சரித்து திருவேங்கடத்திலும் சோதனை தொடங்கியது. நோயே இல்லை என்று நான் முதலிடம் கொடுத்த ஊரில் அப்போதுதான் நோய் கண்ணில் பட்டது.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். எலும்புத் தேய்மானம், கழுத்தில் பட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குனிந்து காட்டிவிட்டு ஓடினார்கள்.

"ஒருத்தனும் சிக்க மாட்டேங்கான் வே!" அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம்.

விடைபெறும்போது அவர் கேட்கவில்லை. நானாகவே தாடையை நெஞ்சில் வைத்தேன். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.